தலையில் அடிபட்டு ஏழு மாதம்: அவர் பழையபடி ஆவாரா என்று கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன். கணவருக்கு 34 வயது, மேசன் வேலை. ஏழு மாதத்துக்கு முதல் இரவு வீட்டுக்கு வரும்போது களுவாஞ்சிக்குடிப் பக்கம் மாடு குறுக்கே வந்து மோட்டார் சைக்கிளோடு விழுந்தார். ஹெல்மெட் இருந்தது, பட்டி கொளுவவில்லை. பதினொரு நாள் நினைவில்லை. கண் திறந்த பிறகும் ஆட்களின் பெயரை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், ஐந்து கிழமை போன பிறகுதான் நேற்று நடந்தது இன்று ஞாபகம் இருக்கத் தொடங்கியது. இப்போது நடக்கிறார், கதைக்கிறார், சாப்பிடுகிறார். ஆனால் காலையிலிருந்து கதிரையிலேயே இருக்கிறார், சொல்லாவிட்டால் குளிப்பதுகூட இல்லை, பிள்ளைகள் சத்தம் போட்டால் அடிக்க எழும்புகிறார், செத்தவீட்டில் சிரித்தார். கிளினிக்கில் ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். உங்கள் அம்மா சோம்பல் என்கிறார், அவருடைய அம்மா செய்வினை என்கிறார். பழைய மனிசனாக ஆவாரா, எவ்வளவு காலம் எடுக்கும், திரும்பக் கட்டடச் சாரத்தில் ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் தொழில்வழிச் சிகிச்சையாளர், நோயோ காயமோ வந்தவர்களை நாளாந்த வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குவதுதான் என் வேலை. மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கமும் வைத்தியசாலைகளில் பதினாறு வருடம் வேலை செய்திருக்கிறேன். அதற்கு முதலே இந்த விசயம் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. 2006 இல் என் மூத்த அண்ணனுக்கு இதே மாதிரி அடி. ஒரு வைத்தியசாலையிலிருந்து குளிசைத் துண்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். இவருடைய குணம் மாறும், மாறினால் இப்படி நடந்துகொள்ளுங்கள் என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை இல்லாமல் எங்கள் வீட்டில் இரண்டு வருடம் சண்டையிலேயே போனது. அதனால்தான் இதை நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள், ஒரே இருப்பில் வாசிக்க வேண்டும் என்றும் இல்லை.

முதலில் நேர் பதில். அடிபடுவதற்கு முந்திய அதே ஆளாக, ஒரு குறையும் இல்லாமல் வருவார் என்று நான் சொல்ல மாட்டேன். இவ்வளவு பெரிய அடிக்குப் பிறகு அப்படி வருகிறவர்கள் குறைவு. ஆனால் ஏழாவது மாதத்தில் கதிரையில் இருக்கிற இந்த மனிசன்தான் இனி எப்போதும் என்று நினைத்தால் அதுவும் பிழை.

ஏன் என்று சொல்கிறேன். வாட்டில் முதல் நாளே ஒரு புள்ளி போட்டிருப்பார்கள், கிளாஸ்கோ கோமா அளவு என்று, வீட்டுக்கு விடும்போது தந்த டயக்னோசிஸ் காட்டில் ஜீசிஎஸ் என்று இருக்கும். 1974 இல் டீஸ்டேல், ஜெனட் என்ற இரண்டு வைத்தியர்கள் ஸ்கொட்லாந்தில் உருவாக்கியது. கண் திறப்பது, கதைப்பது, கை கால் அசைப்பது மூன்றையும் பார்த்து 3 இலிருந்து 15 வரை போடுவார்கள், 8 உம் அதற்குக் கீழும் கடும் அடி. அந்தப் புள்ளி உயிர் தப்புவாரா என்ற கேள்விக்கு உதவும். பிற்காலத்தில் எப்படி இருப்பார் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம், அடிபட்ட நேரத்திலிருந்து நாளுக்கு நாள் தொடர்ச்சியாக ஞாபகம் நிற்கத் தொடங்கும் வரை எத்தனை நாள் போனது என்பது. கண் திறந்த நாளை இதற்கு எடுக்கக் கூடாது, கதைக்கத் தொடங்கிய நாளையும் எடுக்கக் கூடாது. நேற்று யார் பார்க்க வந்தார்கள் என்று அவரே சொன்ன நாள்தான் கணக்கு. நான்கு கிழமைக்கு மேல் போனால் மிகக் கடுமையான அடி என்ற வகுப்பில் வரும். உங்கள் கணவருக்கு ஐந்து கிழமை. இது பாரமான செய்தி என்று தெரியும். அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது: அந்தக் காலம் இரண்டு மாதத்துக்குள் முடிந்தவர்கள், இன்னொருவர் பக்கத்தில் இல்லாமல் இருக்கவே முடியாத நிலையில் நின்றுவிடுவது அரிது. மூன்று மாதத்தைத் தாண்டினவர்கள்தான் நல்ல நிலைக்கு வருவது அரிது. உங்கள் கணவர் அந்த இரண்டு மாத எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறார்.

அமெரிக்காவில் 2021 இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், கடும் அடிபட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒரு வருடத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலமாவது வீட்டில் தன்பாட்டில் இருக்கக்கூடிய நிலைக்கு வந்திருந்தார்கள். இரண்டாவது கிழமையில் பார்த்தபோது அவர்களில் மிகப் பலர் மோசமாக இருந்தவர்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு இனி ஒன்றும் வராது என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அதைக் கேட்காதீர்கள். முதல் ஆறு மாதம் வேகம், அப்புறம் மெதுவாகும், இரண்டு வருடம் வரைக்கும் அதற்குப் பிறகும் மாற்றம் வரும். வேகம் குறையும்போது வீட்டார் கவனிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். போன மாதம் எப்படி இருந்தார் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

இதில் மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மறுவாழ்வு வாட்டில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களை அமெரிக்காவில் ஐந்து வருடம் கழித்துப் பார்த்தபோது 26 வீதத்தினர் முன்னேறியிருந்தார்கள், 22 வீதத்தினர் அப்படியே இருந்தார்கள், 30 வீதத்தினர் பின்னுக்குப் போயிருந்தார்கள், 22 வீதத்தினர் இறந்துவிட்டார்கள். அதில் வயதுபோனவர்களும் அடக்கம், 34 வயது ஆளுக்கு அதை அப்படியே வைக்கக் கூடாது. நான் இதைச் சொல்வது ஏனென்றால், தலையில் அடிபட்டால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுகம் வந்து ஒரு இடத்தில் நிற்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இது நீரிழிவு மாதிரி, பல வருடம் பார்த்துக்கொள்ள வேண்டிய விசயம். வலிப்பு, மனச்சோர்வு, குடி, வேலையில்லாமல் ஒரே இடத்தில் இருப்பது, இரண்டாவது தரம் தலையில் அடிபடுவது, இவைதான் நான் பார்த்தவர்களைப் பின்னுக்கு இழுத்தவை. இவற்றில் பெரும்பாலானதை வீட்டிலிருந்தே தடுக்கலாம்.

இனி அந்தச் சோம்பல் கதைக்கு வருகிறேன். இதைத்தான் நான் ஆக முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

நெற்றிக்குப் பின்னாலும் காதுக்கு முன்பக்கமும் மண்டையோட்டின் உள்பக்க எலும்பு கரடுமுரடானது. வேகமாக விழும்போது மூளை அதில் போய் உரசும், அதனால் முன்மூளைதான் அதிகம் காயப்படும். அதோடு மூளை உள்ளுக்குள் சுழன்று, ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைக்கும் நீளமான நரம்பு இழைகள் இழுபட்டுச் சேதமாகும். சிடி ஸ்கேன் இரத்தக் கசிவையும் எலும்பு உடைவையும் நன்றாகக் காட்டும், இந்த இழைகளின் சேதத்தைப் பெரும்பாலும் காட்டாது. கிளினிக்கில் ஸ்கேன் நன்றாக இருக்கிறது என்றால், இனி ஒப்பரேஷன் செய்ய ஒன்றும் இல்லை என்று அர்த்தம். மனிசன் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம் எடுக்காதீர்கள்.

முன்மூளை செய்கிற வேலைகளில் ஒன்று தொடங்கி வைப்பது. குளிக்க வேணுமா என்று கேட்டால் ஓம் என்பார், எப்படிக் குளிப்பது என்றும் தெரியும், விருப்பமும் இருக்கலாம், ஆனால் கதிரையிலிருந்து எழும்ப வைக்கிற அந்த முதல் உந்தல் வராது. வண்டியில் பெற்றோல் இருக்கிறது, கியரும் விழுகிறது, ஸ்டாட் மட்டும் எடுக்குதில்லை, பின்னால் ஒருவர் தள்ளிவிட்டால் ஓடும் என்கிற நிலை. நாளைக்கே பாருங்கள்: தோளில் கை வைத்து, எழும்புங்க, துவாயை எடுங்க, கிணற்றடிக்கு வாங்க என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகச் சொல்லும்போது செய்கிறார் என்றால் அது சோம்பல் இல்லை என்று உங்கள் அம்மாவுக்குத் தைரியமாகச் சொல்லலாம். சோம்பேறி சொன்னாலும் சாட்டுச் சொல்வான்.

தள்ளிவிடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. நாள் முழுக்க நீங்களே சொல்லிக்கொண்டிருந்தால் மூன்றாவது நாள் அது நச்சரிப்பாகி அவருக்குக் கோபம் வரும், உங்களுக்கும் வெறுத்துப் போகும். சொல்லும் வேலையை ஆளிடமிருந்து எடுத்துச் சுவருக்கும் போனுக்கும் கொடுங்கள். பெரிய கடதாசியில் காலைக்கு ஐந்து வரி, அதற்கு மேல் வேண்டாம்: பல் தீட்டுவது, குளிப்பது, சாப்பாடு, குளிசை, கோழிக்குத் தீன். பக்கத்தில் படம் வரையப் பிள்ளைகளை விடுங்கள். போனில் அந்தந்த நேரத்துக்கு அலாரம், முடிந்தால் அவருடைய குரலிலேயே பதிந்து. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே ஒழுங்கு, ஞாயிற்றுக்கிழமையும் அதேதான். முதல் இரண்டு கிழமை அலாரம் அடித்தபின் நீங்களும் தொட்டு எழுப்ப வேண்டி வரும், பிறகு பார்வையால் காட்டினால் போதும், பிறகு அதுவும் தேவைப்படாது. எங்கள் அண்ணனுக்கு இது பழக நான்கு மாதம் எடுத்தது. இன்றைக்கும் அவர் வீட்டுச் சுவரில் அந்தக் கடதாசி இருக்கிறது, எழுத்துத்தான் மாறியிருக்கிறது.

ஞாபகமும் இதே வழிதான். சொல்லுங்க பார்ப்போம், இன்றைக்கு என்ன கிழமை, காலையில் யார் வந்தது என்று சோதனை வைக்காதீர்கள். வருகிற சொந்தக்காரர் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள், என்னைத் தெரியுதா என்று, அவர்களையும் நிறுத்துங்கள். இப்படியானவர்களுக்குத் தாங்கள் ஊகித்துச் சொன்ன பிழையான பதில்தான் மனதில் ஒட்டும், திருத்திச் சொன்னது ஒட்டாது. சரியான பதிலை நீங்களே முதலில் சொல்லி, அதை அவர் திரும்பச் சொல்லட்டும். ஞாபகத்தைக் கூட்டும் விளையாட்டு என்று போனில் இருப்பவை அந்த விளையாட்டில் அவரைக் கெட்டிக்காரர் ஆக்கும், குளிசை போட்டேனா என்பதை ஞாபகப்படுத்தாது. சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பியும் பேனையும், நடந்ததை நடந்தவுடனே எழுதும் பழக்கமும் அதைவிட எவ்வளவோ பலன் தரும்.

கோபத்தைப் பற்றி. நீங்கள் எழுதியதில் கவனித்தேன், அவருக்குக் கோபம் வருவது பின்னேரத்தில், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்த பிறகு. அடிபட்ட மூளை சின்ன வேலைக்கே களைத்துப் போகும், களைத்த மூளைக்குச் சத்தம் தாங்காது. நம் பக்கம் சூடான கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இது இன்னும் மோசமாகும், நான் வருடா வருடம் கண்டது. அவர் களைத்த பிறகு ஓய்வு கொடுத்துப் பிரயோசனமில்லை, களைப்பதற்கு முதல் கொடுக்க வேண்டும். ஒரு மணிக்குச் சாப்பிட்டு, காற்று வருகிற அறையில் முக்கால் மணித்தியாலம், ரேடியோவும் போனும் இல்லாமல். வைகாசிச் சடங்குக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கூட்டிப் போங்கள், அம்மனிடம் போகாமல் அவராலும் இருக்க முடியாது, ஆனால் ஒலிபெருக்கியும் பறையும் சனமும் சேர்கிற இரவுப் பூசைக்கு வேண்டாம், விடியற்காலையில் சனம் குறைந்த நேரம் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

கோபம் வந்துவிட்டால் வாதாடாதீர்கள். அந்த நேரம் நியாயம் அவர் தலைக்குள் போகாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள், கால் மணித்தியாலம் கழித்து வேறு கதையோடு உள்ளே போங்கள். அடங்கின பிறகு கொப்பியில் மூன்று விசயம் எழுதுங்கள்: கோபத்துக்கு முதல் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். இரண்டு கிழமையில் ஒரு ஒழுங்கு தெரியும். அந்தக் கொப்பியை வைத்தியரிடம் காட்டினால், புரோபிரனலோல் மாதிரி இந்த வகைக் கோபத்துக்குப் பலன் உள்ள மருந்து பொருந்துமா என்று அவர் பார்ப்பார். தூங்க வைக்கிற குளிசையைக் கூட்டித் தரும்படி நீங்களாகக் கேட்காதீர்கள், அவற்றில் சில மூளை தேறுவதையே தாமதப்படுத்தக்கூடும். அடி விழுகிறது என்றால் பக்கத்து வீட்டுக்குப் போவதில் வெட்கம் ஒன்றும் இல்லை, நோயால் அடித்தாலும் அடி அடிதான். 1938 என்ற பெண்களுக்கான உதவி எண்ணும் இருக்கிறது, தமிழிலும் கதைக்கலாம்.

செத்தவீட்டில் சிரித்தது மரியாதைக் குறைவால் இல்லை, அடக்கும் பிரேக் காயப்பட்டிருக்கிறது. ஊரில் இரண்டு பெரியவர்களிடம் நேரே சொல்லி வைத்தால் கதை அடங்கிவிடும்.

வலிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. கடும் அடிக்குப் பிறகு ஐந்து வருடத்துக்குள் வலிப்பு வரும் சாத்தியம் பத்தில் ஒன்று, முப்பது வருடத்தில் அது ஏறத்தாழ 17 வீதம். இதுவரை வரவில்லை என்பதற்காக இனி வராது என்று எடுக்க முடியாது. வைத்தியர் வலிப்புக்குக் குளிசை தந்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். கிணற்றடியில் தனியே குளிக்க விடாதீர்கள், வாளியில் அள்ளி வைத்துத் தள்ளி நின்று குளிக்கட்டும். தோணியில் தனியே வாவிக்குப் போக வேண்டாம். வைத்தியர் எழுத்தில் சொல்லும் வரை மோட்டார் சைக்கிள் திறப்பு உங்கள் கையில். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், வாய்க்குள் ஒன்றும் வைக்காதீர்கள், கையில் இரும்பு கொடுத்து நேரம் போக்காதீர்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள், காசு எடுக்க மாட்டார்கள்.

இன்னொன்று, இதை மனதில் ஆழமாக வையுங்கள். தேறிக்கொண்டு வந்தவர் பின்னுக்குப் போகத் தொடங்கினால் அது இந்த நோயின் இயல்பு என்று விடக் கூடாது. நன்றாக நடந்தவர் காலை இழுத்து இழுத்து வைக்கிறார், சிறுநீர் தெரியாமல் போகிறது, மந்தம் கூடுகிறது என்றால் மூளைக்குள் நீர் தேங்கியிருக்கலாம், அதற்கு ஒப்பரேஷன் இருக்கிறது, செய்தால் தேறுவார்கள். தலையிடி நாளுக்கு நாள் கூடி சத்தியும் நித்திரை மயக்கமும் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். காரணமில்லாமல் ஆகக் களைப்பு, குளிர் தாங்காமை, தாம்பத்தியத்தில் அறவே விருப்பமின்மை இருந்தால் மூளைக்குக் கீழே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி அடிபட்டிருக்கிறதா என்று இரத்தம் எடுத்துப் பார்க்கலாம், வைத்தியரிடம் கேளுங்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். மணம் தெரியுதா என்றும் பாருங்கள். பலருக்கு இந்த அடியோடு மணம் பிடிக்கிற நரம்பு அறுந்துவிடும், அடுப்பில் சோறு பற்றினாலும் காஸ் கசிந்தாலும் அவருக்குத் தெரியாது.

மூளைக்குச் சத்து என்று மாதம் மாதம் வாங்கச் சொன்ன சிற்றிகோலின் குளிசையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2012 இல் வந்த ஆய்வில் தலையில் அடிபட்ட 1213 பேருக்கு மூன்று மாதம், ஒரு பகுதியினருக்கு அதையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையையும் கொடுத்துப் பார்த்தார்கள், ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தக் காசுக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள். பரியாரி எண்ணெய் கை கால் இறுக்கத்துக்குப் பூசினால் குறையில்லை, மண்டையோடு எடுத்த இடம் ஏதும் இருந்தால் அதில் அமத்தக் கூடாது. மாமி நூல் கட்டப் போகிறார் என்றால் கட்டட்டும், குளிசையை நிறுத்தச் சொன்னால் மட்டும் மறியுங்கள்.

மனச்சோர்வு. 2010 இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில் அடிபட்டு முதல் வருடத்துக்குள் பாதிக்கு மேற்பட்டோர், 53 வீதத்தினர், மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். நான் பார்த்தவரையில் இது தேறுகிற நேரத்தில்தான் வருகிறது. இப்போது அவருக்குத் தன் குறை முழுதாகத் தெரியாது, தெரிய வரும்போது உடைந்து போவார். அழுவது, சாப்பாடு குறைவது, இருந்து என்ன பயன் என்று கதைப்பது ஒன்றையும் சும்மா விடாதீர்கள், மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள், 1926 என்ற மனநல உதவி எண்ணுக்கு எடுத்தும் கதைக்கலாம். நீங்கள் படுவான்கரை, வீட்டில் வயல் மருந்து இருக்கும். அதை இன்றைக்கே வீட்டிலிருந்து எடுத்து வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள். சாராயம், கசிப்பு ஒரு துளியும் வேண்டாம், வலிப்பையும் இழுக்கும், கோபத்தையும் கூட்டும். கூட்டாளிமாருக்கு இதை நீங்கள் நேரில் சொல்ல வேண்டி வரும்.

சரி, வேலை. நீண்ட காலத்தில் ஒரு ஆம்பிளையைத் தூக்கி நிறுத்துவது இதுதான் என்று நான் நம்புகிறேன். உலக ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அடிபட்டு ஒன்றிரண்டு வருடத்தில் வேலைக்குத் திரும்பியவர்கள் 40 வீதமளவில்தான், அதிலும் பலர் பழைய வேலைக்கு அல்ல. சாரத்தில் ஏறுவதைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம், வலிப்பு, தலைச்சுற்று, அவசரப்படும் புத்தி மூன்றுக்கும் இடம் இருக்கும்போது உயரம் ஆபத்து.

எங்கள் அண்ணன் தையல்காரர். அடிபட்டு ஒரு வருடத்தில் மெசினில் இருந்தார், கை ஒன்றையும் மறக்கவில்லை, தையல் நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. பழகிய கைவேலை தங்குகிற இடம் வேறு, நேற்றையை ஞாபகம் வைக்கிற இடம் வேறு. ஆனால் யாருடைய துணி, என்ன அளவு, எந்த நாளைக்குக் கொடுக்க வேண்டும் எல்லாம் குழம்பியது. ஒருவருடைய துணியில் இன்னொருவருக்குச் சட்டை தைத்து, வாடிக்கையாளர் வந்து சத்தம் போட, அண்ணன் கத்தரிக்கோலை எறிந்துவிட்டு எழும்பிப் போனார், மெசினைத் துணி போட்டு மூடினோம். ஒரு வருடத்துக்கு மேல் அது மூடியே கிடந்தது. நான் படித்துவிட்டு வந்த பிறகுதான் பிழை எங்கே என்று விளங்கியது. வேலை அவருக்கு முடியாமல் போகவில்லை, அதற்குள் இருந்த ஒரு துண்டு மட்டும்தான் முடியாமல் போனது. அந்தத் துண்டை மச்சாள் எடுத்துக்கொண்டார்: அளவு எடுப்பது, பெயரும் திகதியும் எழுதிய சீட்டைத் துணியில் குத்துவது. அண்ணனுக்கு ஒரே மாதிரி உடுப்பு மட்டும், பள்ளிக்கூட வெள்ளைச் சீருடை. முதலில் நாளைக்கு ஒரு மணித்தியாலம், பிறகு இரண்டு. இப்போது பள்ளிக்கூடச் சீருடைத் துணி கொடுக்கிற மாதங்களில் காலை முழுக்கத் தைக்கிறார். முந்தி உழைத்ததில் பாதிகூட இல்லை. ஆனால் காலையில் எழும்ப ஒரு காரணம் இருக்கிறது, கோபம் குறைந்தது அதற்குப் பிறகுதான்.

உங்கள் மனிசனின் வேலையையும் அப்படிப் பிரித்துப் பாருங்கள். அவரோடு வேலை செய்த நம்பிக்கையான பாஸ் ஒருவர் இருந்தால் நிலத்தில் செய்கிற வேலைக்கு, காலையில் ஒரு மணித்தியாலம் மட்டும், சம்பளம் பேசாமல் கேளுங்கள். மணல் அரிப்பது, கல் நனைப்பது, கீழ்வரிக் கல் வைப்பது. சீமெந்துக் கலவைக்கு எத்தனை சட்டி மணல் என்பதை ஒரு பலகையில் எழுதித் தொங்கவிடச் சொல்லுங்கள், எண்ணிக்கை அவருக்குத் தவறும், கரண்டி பிடிக்கிற கை தவறாது. ஒரு மாதம் நன்றாகப் போனால் அரை மணித்தியாலம் கூட்டுங்கள். வெயில் ஏற முதல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

சிகிச்சைக்கு எங்கே போவது என்றால், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கிளினிக்கில் பிசியோவோடு தொழில்வழிச் சிகிச்சைக்கும் துண்டு எழுதித் தரும்படி நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். நடக்கிறார் என்பதால் அவருக்குத் தேவையில்லை என்று நினைத்து விட்டிருக்கலாம். ராகமையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது, தங்கிச் செய்யலாம், மட்டக்களப்பு ரயில் ராகமை வழியாகத்தான் போகிறது. ஆனால் தூரமும் மொழியும் யோசிக்க வேண்டியவை: ஞாபகச் சோதனையும் பேச்சுச் சிகிச்சையும் தமிழில் நடக்காவிட்டால் அவருக்கு மூளையால் முடியவில்லையா, சிங்களம் விளங்கவில்லையா என்று யாருக்கும் தெரியாது. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு இயலாமைக் கொடுப்பனவுக்கு எழுதுங்கள். கை கால் நன்றாக இருக்கிறதே என்று கேட்பார்கள், அதனால் ஞாபகமும் நடத்தையும் பாதித்திருப்பதை வைத்தியர் கடிதத்தில் எழுதி வாங்கிப் போங்கள்.

வீட்டு நிலைமை ஒன்று. நம் பக்கத்து வழக்கப்படி கலியாணம் கட்டி அவர் உங்கள் வீட்டில் இருக்கிறார். மாமியார் வீட்டில் வேலையில்லாமல் இருக்கிற ஆம்பிளைக்கு ஒவ்வொரு சொல்லும் குத்தும், மூளை நன்றாக இருக்கிறவனுக்கே குத்தும். உங்கள் அம்மாவையும் அவருடைய அம்மாவையும் அடுத்த கிளினிக்குக்குச் சேர்த்துக் கூட்டிப் போங்கள், நீங்கள் சொன்னால் கேட்காதவர்கள் வெள்ளைக் கோட் சொன்னால் கேட்பார்கள். கிழமையில் ஒரு நாள் அவர் தன் அம்மா வீட்டில் போய் நிற்கட்டும், சுவர்க் கடதாசியின் ஒரு பிரதியோடு. அந்த ஒரு நாள் உங்களுக்கு, துணி தோய்க்காமல் படுத்துத் தூங்குவதற்கு. கணவர் உயிரோடு இருக்கும்போதே அவரை இழந்தது போல இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் மச்சாளும் அதே சொல்லைத்தான் சொன்னார். அது பாவமான நினைப்பு இல்லை, இப்படி அடிபட்டவர்களின் மனைவிமார் மிகப் பலருக்கு வருவது.

கடைசியாகப் பிள்ளைகள். எட்டு வயது மகன், அப்பாவுக்கு என்னில் விருப்பமில்லையா என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு உண்மையைச் சொல்லுங்கள், எட்டு வயதுக்கு விளங்கும்: அப்பாவின் தலைக்குள் அடிபட்டிருக்கிறது, வெளியே காயம் ஆறிவிட்டது, உள்ளே ஆறவில்லை, சத்தம் கேட்டால் அந்த இடம் நோகிற மாதிரி, அதனால் கத்துகிறார், நீ ஒன்றும் பிழை செய்யவில்லை. சொல்லிவிட்டு அவனுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். பின்னேரம் நான்கு மணி அலாரம் அடித்ததும் அப்பாவின் கையைப் பிடித்து, கோழிக்குத் தீன் போட வாங்க என்று கூட்டிப் போகிற வேலை.